நெஞ்சே என்னும் விளி: தன்னோடு பேசும் தமிழ் மரபின் சரித்திரம்

கோவளத்துக் கழி கடலோடு கலக்கும் முட்டுக்காட்டிலிருந்து தெற்கே திருவிடந்தையைக் கடந்து சென்றால், ஆழ்வார்கள் கடல்மல்லை என்று பாடிய மாமல்லபுரம் வருகிறது. ஒருவன் தன் மனத்துக்குத் தானே நல்வார்த்தை சொல்லித் தேற்றிக்கொள்ளும் வழக்கம், இன்று பயிற்சி வகுப்புகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் ஒரு நவீன வித்தையாகப் போதிக்கப்படும் அந்த வழக்கம், தமிழில் எவ்வாறு தோன்றி எவ்வாறு உருமாறியது என்று ஆராயப் புகுவோர்க்கு, இக்கடற்கரையும் இதனை அடுத்த செங்கற்பட்டுச் சீமையும் சில அரிய சான்றுகளைத் தருகின்றன. பழைய மரபில் தமிழன் தன் நெஞ்சை எதிரே நிறுத்தி 'நீ' என்று அழைத்துப் பேசினான். 'நான் இத்தகையவன், எனக்கு இது கைகூடும்' என்று தன்னைப் பற்றியே பிரகடனம் செய்யும் வடிவம் இருபதாம் நூற்றாண்டிலேதான் நம்மிடையே செல்வாக்குப் பெற்றது. இம்மாற்றத்தில் நாம் பெற்றதும் உண்டு, கைநழுவவிட்டதும் உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தொல்காப்பியச் செய்யுளியல், சொல்லாதனவும் கேளாதனவும் ஆகிய பொருள்களைச் சொல்வன போலவும் கேட்பன போலவும் வைத்துப் பாடுதற்கு இலக்கணம் வகுக்குமிடத்து, ஞாயிறு, திங்கள், கடல், மரம், புள் முதலியவற்றோடு நெஞ்சையும் ஒருங்கு வைத்து எண்ணுகிறது. மனிதனுக்குள் இருக்கும் நெஞ்சு, அவனுக்குப் புறத்தே இருக்கும் கடலைப் போலவே விளித்துப் பேசத்தக்க வேறொரு பொருளாக அன்றே கருதப்பட்டது என்பதை இந்நூற்பாவால் அறிகிறோம். நற்றிணையின் 284-ஆம் பாட்டில், பொருள் தேடிச் சென்ற தலைவனை நெஞ்சம் காதலியிடம் மீளச் சொல்லுகிறது; அறிவோ, எடுத்த வினையை இடையில் விடுதல் இழிவென்று தடுக்கிறது; இவ்விரண்டுக்கும் நடுவே, இரு களிறுகள் எதிரெதிரே பற்றி இழுத்த பழங்கயிறு போலத் தன் உடம்பு அழிந்துபோகுமோ என்று அவன் கலங்குகிறான். அவ்வுவமையால் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே பெயர் பெற்ற அப்புலவர், மனப்போராட்டத்தை மறைத்துத் தைரியம் பேசவில்லை என்பது கருதத்தக்கது.

திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என இரண்டு அதிகாரங்கள் இதற்கென்றே அமைந்திருக்கின்றன. அவற்றுள் முன்னதன் தொடக்கத்தில், பிரிவினால் வாடும் தலைவி தன் நோய் தீர்க்கும் மருந்து ஏதேனும் உண்டாயின் ஆராய்ந்து சொல் என்று நெஞ்சைக் கேட்கிறாள். நோயே இல்லை என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. நோயை ஒப்புக்கொண்டு, அதன் பரிகாரத்துக்கு நெஞ்சைத் துணைக்கழைக்கிறாள். இவ்வொரு வேற்றுமையைப் பிற்காலச் சரித்திரம் முழுவதிலும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அகப்பொருளில் காதலர் பேசிய இப்பேச்சைப் பக்திக்கு உரியதாக்கியவர்கள் ஆழ்வார்கள். கடல்மல்லையில் அவதரித்தவராக வைஷ்ணவ சம்பிரதாயம் போற்றும் பூதத்தாழ்வார், தம் இரண்டாம் திருவந்தாதியில் எம்பெருமான் உறையும் இடங்களை எண்ணும்போது, அரங்கம், மல்லை, கோவல், குடந்தை முதலிய தலங்களோடு அடியாருடைய உள்ளத்தையும் ஒரு தலமாகச் சேர்த்து, அதையே முதலாவதாகவும் வைக்கிறார். தன் மனத்தை மாசென்றும் சுமையென்றும் மட்டுமே கருதி வருந்துகிறவனுக்கு இதனினும் மேலான ஆறுதல் வேறெது? எட்டாம் நூற்றாண்டினராகிய திருமங்கையாழ்வாரோ, பெரிய திருமொழியில், பொற்குவியலும் களிறுகளும் நவமணிகளும் சுமந்து பாரத்தால் சாய்ந்து மரக்கலங்கள் உலவும் மல்லைத் துறையை வருணித்துவிட்டு, அங்குள்ள தலசயனம் என்னும் திருக்கோயிலை மனத்தால் வலம்வருகின்ற அடியாரை வலம்வருவாயாக என்று தம் மட நெஞ்சுக்கு உரைக்கிறார். துறைமுகத்தின் செல்வம் அத்தனையும் கண்முன்னே கிடக்க, நெஞ்சை வேறு திசையில் திருப்புகிற இக்கட்டளையில் அதட்டலும் உண்டு, வாஞ்சையும் உண்டு; மடமை என்று சொன்ன வாய், 'என்' என்று உரிமையும் பாராட்டுகிறது. நம்மாழ்வாரின் பெரிய திருவந்தாதி தமக்கு முந்திச் செல்லும் நெஞ்சை அழைத்தே தொடங்குவதையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமலிங்க அடிகள் நெஞ்சறிவுறுத்தல் என்று நீண்டதொரு கலிவெண்பாவே இயற்றியதையும் நோக்கினால், இம்மரபு இடையறாது வந்தமை விளங்கும்.

புதிய காற்று சிறைச்சாலையின் வழியே வந்தது. 1908-இல் ராஜத்துவேஷக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை புகுந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் கொடுந்துன்பம் அனுபவித்து 1912-இன் இறுதியில் விடுதலை பெற்றார். செக்கிழுத்த அக்காலத்திலே அவர் ஆங்கில ஆசிரியர் ஜேம்ஸ் ஆலனுடைய நூல்களிலும் ஈடுபட்டார். 1903-இல் வெளிவந்திருந்த ஒரு சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்க, அது 1909-இல் வெளியாயிற்று. 'அகமே புறம்' 1914-இலும், 'வலிமைக்கு மார்க்கம்' 1916-இலும், 'சாந்திக்கு மார்க்கம்' 1934-இலும் தொடர்ந்தன. நினைப்பே மனிதனை ஆக்குகிறது, அகத்தின் நிலையே புறத்தின் சூழலாக விரிகிறது என்னும் ஆலனுடைய சித்தாந்தம், வறுமைக்கும் அடிமைத்தனத்துக்கும் புறக்காரணங்கள் உண்டென்பதை மறைத்துவிடக்கூடியது என்று நான் அஞ்சுவதுண்டு. ஆயினும் அதைத் தமிழில் தந்தவர், புறக்காரணத்தை எதிர்த்துக் கப்பல் ஓட்டி, அதனாலேயே சகலமும் இழந்தவர். பிற்காலத்தில் தொல்காப்பியத்து இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தும் திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை கண்டும் பழைய மரபிலேயே ஊன்றி நின்றவர். அவர் கையில் அச்சித்தாந்தம் உலகத்தை மறக்கும் மயக்கமருந்தாகாமல், உடம்பு கட்டுண்ட காலத்தில் உள்ளம் கட்டுண்ணாமல் காக்கும் சாதனமாயிற்று என்றே கொள்ளவேண்டும்.

அதே தலைமுறையில் பிரான்ஸ் தேசத்து நான்சி நகரில் எமீல் கூவே என்னும் மருந்துக்கடைக்காரர், நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தாம் நலமடைந்து வருவதாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் காலையில் எழும்போதும் இரவில் உறங்கப்போகும்போதும் இருபது முறை, இருபது முடிச்சிட்ட கயிற்றை விரலால் எண்ணிக்கொண்டு, உருப்போடச் செய்து கீர்த்தி பெற்றார். ஜபமாலை கண்ட நம்மவர்க்கு முறை புதிதன்று. தெய்வநாமம் இருந்த இடத்தில் 'நான்' அமர்ந்ததே புதிது.

பாரதியார் இரு காலங்களின் சந்தியில் நிற்கிறார். 'மனத்திற்குக் கட்டளை' என்னும் பாட்டில், அலைந்து திரியும் மனத்தை விளித்து, இன்று முதல் உனக்குத் தலைவன் நானே என்று அறிவிக்கிறார். விளி பழையது, அதிகாரம் புதியது. 'அச்சமில்லை' என்னும் பாட்டிலும், வரக்கூடிய கேடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டியே அச்சத்தை மறுக்கிறார். துன்பத்தின் பெயரையே சொல்லாமல் வெற்றியை மட்டும் உருப்போடுகிற இக்காலத்துச் சுருக்க வாய்பாடுகளுக்கும் அவர் பாட்டுக்கும் உள்ள தூரம் இதுதான்.

இவ்வேற்றுமை வெறும் இலக்கிய நயமன்று என்பதற்கு இக்கால மனோதத்துவ ஆராய்ச்சியில் ஆதாரம் உண்டு. கனடாவில் ஜோவன் வுட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தான் அன்புக்கு உரியவன் என்னும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியவர்களுள், தம்மைப் பற்றி முன்னரே தாழ்ந்த எண்ணம் உடையவர்கள் ஆறுதல் பெறாமல் மேலும் சோர்வுற்றார்கள். நம்பமுடியாத புகழுரை உள்ளத்தே எதிர்வாதத்தை எழுப்பிவிடுகிறது போலும். அமெரிக்காவில் ஈதன் கிராஸ் முதலியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வோ, மனக்கலக்கத்தில் 'நான்' என்று எண்ணாமல் தன் பெயரைச் சொல்லியோ 'நீ' என்றோ தன்னை அழைத்துப் பேசுவோர் எளிதில் நிதானம் பெறுவதைக் காட்டியது. முட்டுக்காட்டிலேயே, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளோடு வாழ்வோர்க்கென 2005-இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம் இருக்கிறது. அத்தகைய குழந்தையைத் தோளில் சுமந்து வரும் ஒரு தாயிடம், எல்லாம் நன்றாகவே இருக்கிறதென்று நாள்தோறும் சொல்லிக்கொள் என்பது கொடுமை. 'நெஞ்சே, களைத்துவிட்டாய், இன்றைய காரியத்தைப் பார்ப்போம்' என்று பேசிக்கொள்வதற்கு அவளுக்குத் தமிழ் மரபு முழுவதும் துணை நிற்கும்.

இவ்விரு நெறிகளையும் இணைக்க முயன்றவர் இக்கரைக்கு மேற்கே கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவுக் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி. தறியில் உழைத்து வாழ்ந்த அவர், 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். தியானத்தின் முடிவில் அவர் சொல்லவைத்த சங்கல்பம் உடல்நலம், ஆயுள், செல்வம், புகழ், ஞானம் ஆகியவற்றைத் தன்மை இடத்திலேயே கோருகிறது. ஆனால் அருளை முன்னிட்டுக் கோருகிறது. அதோடு நில்லாமல், 'வாழ்க வளமுடன்' என்னும் வாழ்த்தைக் குடும்பத்தார்க்கும், நண்பர்க்கும், பகைமை பாராட்டுவோர்க்கும், உலகத்துக்கும் விரித்துச் சொல்லப் பழக்கினார். இவற்றினும் முக்கியமாக நான் கருதுவது, வாழ்த்தோடு அகத்தாய்வையும் அவர் கட்டாயமாக்கியது. கவலை ஒழித்தல் என்னும் பயிற்சியில் சாதகன் தன் கவலைகளை ஒளிக்காமல் ஏட்டில் எழுதி, உடனே தீர்க்கவேண்டியவை, தள்ளிப்போடவேண்டியவை, அலட்சியம் செய்யவேண்டியவை, அனுபவித்தே தீரவேண்டியவை என நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்நான்காவது வகைக்கு இடம் கொடுத்தமையால்தான், மருந்து உண்டாயின் சொல் என்று நெஞ்சைக் கேட்ட குறள் தலைவியின் பக்கத்தில் அவருடைய முறை நிற்கிறது, கூவேயின் கயிற்றின் பக்கத்தில் அன்று.