டிரெஸ்ஸருக்கு நேரம் குறித்தது யார்?

அந்நாளில், மலேசியாவின் கிள்ளானை அடுத்த காப்பார் வட்டார ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்குப் பேர் கூப்பிடும்போதே டிரெஸ்ஸரின், அதாவது தோட்ட மருத்துவமனை உதவியாளரின், வேலையும் தொடங்கிவிடும். உடம்புக்கு முடியவில்லை என்று ஒதுங்கி நிற்பவர்களை அவர் பார்ப்பார். நெற்றியில் கைவைப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். பால்மரம் வெட்டப் போவதா, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கா என்பது அவர் வாய்ச்சொல்லில் இருந்தது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அதனால் தொழிலாளியின் கண்ணுக்கு அவர் தோட்டத்து நிர்வாகியான தொரையின் ஆள். தொரைக்கோ அவர் சம்பளத்துக்கு இருக்கும் இன்னொரு வேலையாள்.

இந்த வேலைக்கு அவசியம் உண்டாக்கியது மலேரியா. 1901-இல் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். அதே ஆண்டு திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் சில வாரங்களிலேயே காய்ச்சல் பரவியது. சதுப்பை வடித்து, பள்ளங்களைத் தூர்த்து நகரைக் காப்பாற்றினார்கள். தோட்டங்களிலும் வாய்க்கால் வெட்டினார்கள். ஆனாலும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு லயம் கொயினா மருந்து கொடுத்து, கசப்பென்று துப்பாமல் விழுங்கினார்களா என்று நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். தோட்டத்திலேயே குடியிருந்தவர் டிரெஸ்ஸர்தான். நள்ளிரவில் பிரசவ வலி கண்டாலும், பாம்பு கடித்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அந்தக் கதவுக்கு அலுவல் நேரம் என்று ஒன்று இருந்ததில்லை. அவரைப் பற்றிய கசப்பான கதைகள் தோட்டத்து நினைவுகளில் ஏராளம். அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால், ஓய்வே இல்லாதவனிடம் கனிவை மட்டும் எதிர்பார்ப்பதும் கொடுமைதான்.

1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் போராட எழுந்தபோது 12 கோரிக்கைகளை வைத்தார்கள். முறையான மருத்துவ வசதி அவற்றில் ஒன்று. 10, 12 மணிநேர வேலைநாளை ஒழிப்பது இன்னொன்று. மே மாதம் நாதன் கைதானார், ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் மாண்டார்கள். தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்த டிரெஸ்ஸரின் வேலைநேரத்துக்கு அந்தக் கோரிக்கைப் பட்டியலில் தனி வரி இல்லை.

சட்டமும் அவரிடம் தாமதமாகத்தான் வந்தது. தாதியருக்கான பதிவுச் சட்டம் 1950-இல் பிறந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களுக்கு 1965-இல்தான் தனிப் பதிவுச் சட்டம் கிடைத்தது. அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையாகத் தொடங்கியிருந்தன. பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் மூடப்பட்டன.

இன்று காப்பார்வாசிகள் பெரிய நோய்க்குக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போகிறார்கள். 2024 டிசம்பர் முதல், அத்தகைய அரசாங்க மருத்துவமனைகளில் முறைமாற்றி வேலைபார்க்கும் தாதியரின் வார வேலைநேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக உயர்த்த அரசாங்கம் முனைந்தது. இம்முறை தாதியர் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகத் தானே எதிர்த்தது, உயர்வு தள்ளிவைக்கப்பட்டது.