மழைமானி லயத்துக்கு வந்த கதை

இலங்கை மலைநாட்டின் நோர்வூட் பக்கத்தில் மழை எப்படி என்று கேட்டால், "பீலி தெறிச்சு ஓடுது", "கான் எல்லாம் கட்டிப்போச்சு", "கெசல்கமுவ ஓயா செம்மண் தண்ணியா வருது" என்றுதான் பதில் வரும். மூன்றும் நல்ல அவதானிப்புகள். தலைமுறை தலைமுறையாக மலையைப் பார்த்துப் பழகிய கண் சொல்லும் சேதி அது. ஆனால் எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்ற எண் அதில் இல்லை.

எண் வேறோர் இடத்தில் இருந்தது. தோட்டத்து ஆபிஸ் முற்றத்தில், சின்ன வேலிக்குள், மண்ணில் பாதி புதைந்தபடி ஓர் உலோக உருளை நிற்கும். காலையில் ஆபிஸ்காரர் ஒருவர் வந்து மூடியைக் கழற்றுவார். உள்ளே இருக்கும் போத்தல் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொள்வார். அந்தக் கொப்பி துரையின் மேசைக்குப் போகும். அதே மழையில் நனைந்து கொழுந்து பறித்தவர்களுக்கும், அதே மலையின் அடிவாரத்தில் படுத்துறங்கியவர்களுக்கும் அந்த எண் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் நினைக்கவுமில்லை.

இது ஏதோ ஒரு தோட்டத்தின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். மழைமானி பிறந்ததே அப்படித்தான். விளைச்சலையும் வருமானத்தையும் அறிய வேண்டியவர்களுக்காக அது பிறந்தது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், களஞ்சியத்தின் முன்னே ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை மழை அளக்க வைக்கும்படி கட்டளை இருக்கிறது. எந்த நாட்டில் எவ்வளவு மழை பெய்யும் என்ற கணக்கையும் அது தருகிறது. வறண்ட நிலத்துக்கு 16 துரோணம், நீர்வளமுள்ள நிலத்துக்கு அதைவிடப் பாதி கூடுதல், அவந்திக்கு 23 துரோணம். பாத்திரம் வைத்த இடத்தைக் கவனியுங்கள்: களஞ்சியத்தின் வாசல். கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில், 1441, 1442ஆம் ஆண்டுகளில், ஒரே அளவில் வார்த்த மழைமானிகள் நாடெங்கும் அனுப்பப்பட்டன. ஊர் அதிகாரிகள் அளந்து தலைநகருக்கு எழுத வேண்டும். பயிரின் நிலையை அரசு அறிய அதுவே வழி.

நம் முன்னோரிடம் மழைக்கு அளவே இருக்கவில்லையா என்றால், இருந்தது. தமிழகத்துக் குடியானவர் "ஓர் உழவு மழை", "இரண்டு உழவு மழை" என்பார்கள். ஏர் ஓட்டுமளவுக்கு மண் நனைந்ததா என்பதே அங்கே கேள்வி. எத்தனை அங்குலம் விழுந்தது என்பதைவிட, விழுந்ததில் எவ்வளவு மண்ணுக்குள் போனது என்று பார்க்கிற அளவு அது. மண்சரிவைப் பற்றி யோசிக்கும்போது அந்தக் கேள்விதான் மறுபடி முன்னால் வந்து நிற்கிறது.

வீட்டிலிருந்தபடி மழையை அளக்கும் ஆசை பிறந்தது இங்கிலாந்தின் லங்காஷயரில். மழைக்குப் பேர்போன மலைப்பக்கம் அது. ரிச்சர்ட் டவுன்லி என்பவர் 1677இல் தன் வீட்டுக் கூரைமேல் 12 அங்குலப் புனல் ஒன்றை வைத்து, அதிலிருந்து ஈயக் குழாயை வீட்டுக்குள் இறக்கினார். வெளியே போய் நனையாமலே மழையை எடை போட்டுக் குறித்துவைத்தார். பல ஆண்டுகள் இதை விடாமல் செய்தார். அரசன் கேட்கவில்லை, களஞ்சியக்காரன் கேட்கவில்லை. தன் ஊர் மழையைத் தான் அறிய வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். இன்று வீட்டிலிருந்து புயலைத் தொடரும் எல்லோருக்கும் அவர் மூத்தவர்.

ஆனால் கூரைமேல் வைத்தது சரியா? அந்தக் கேள்விக்கு விடை வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் ஒரே அளவுள்ள மூன்று மழைமானிகளை மூன்று உயரத்தில் வைத்தார். ஒன்று தரைக்கு அருகில், ஒன்று வீட்டுக் கூரையில், ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கோபுர உச்சியில். ஓராண்டு முடிவில் கீழே 22.6 அங்குலம், கூரையில் 18.1, கோபுரத்தில் 12.1. 1769இல் இதை அவர் வெளியிட்டபோது காரணம் யாருக்கும் விளங்கவில்லை. மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் மழை பெய்யுமா? 1861இல் ஜெவன்ஸ் என்பவர் விளக்கினார். உயரத்தில் காற்று வேகம் அதிகம். கருவியின் விளிம்பில் மோதும் காற்று சுழன்று, துளிகளை வாய்க்குள் விழவிடாமல் அடித்துக்கொண்டு போகிறது. மலைநாட்டில் மழைமானி வைக்கப்போகிறவர் நெஞ்சில் எழுதிவைக்க வேண்டிய பாடம் இது. காற்றடிக்கும் மேட்டு விளிம்பில் வைத்தால் கருவி குறைத்துத்தான் சொல்லும். அபாயத்தைக் குறைத்துச் சொல்லும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசமானது.

பிறகு வந்தார் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ். 1850களில் இங்கிலாந்தைத் தொடர்ந்து வறட்சி வாட்டியது. மழை உண்மையிலேயே குறைகிறதா என்று சொல்லப் போதிய கணக்கு யாரிடமும் இல்லை. சைமன்ஸ் தனியாளாக ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1860ஆம் ஆண்டுக்கான அவருடைய முதல் தொகுப்பில் 168 இடங்களின் கணக்கு இருந்தது. 1900இல் அவர் இறக்கும்போது அது மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. பாதிரியார்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், வீட்டுப் பெண்கள் என்று சம்பளமில்லாமல் தினமும் காலையில் அளந்தவர்கள் அவர்கள். அவர் பேரைத் தாங்கிய ஐந்து அங்குல வாயுள்ள மழைமானி கடல் கடந்து இந்தியாவின் பொது அளவாயிற்று. தோட்டத்து ஆபிஸ் முற்றங்களில் நின்றதும் இதே குடும்பத்துக் கருவிதான்.

புயல் கணக்கிலும் முன்னோடி ஒருவர் தொழில்முறை வானிலையாளர் அல்லர். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் பழைய மாலுமி. கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேர்த்து, வங்காள விரிகுடாப் புயல்கள் ஒவ்வொன்றும் போன வழியை மேசையிலிருந்தே வரைந்தார். 1848இல் மாலுமிகளுக்கான கையேட்டை வெளியிட்டார். மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்ட வேண்டாம், புயலலை விழுங்கிவிடும் என்று 1853இல் அரசுக்கு எழுதினார். கேட்கவில்லை, கட்டினார்கள். 1867 புயல் அதை நாசமாக்கியது. அப்போது பிடிங்டன் உயிரோடு இல்லை.

இலங்கைக்கு வருவோம். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. நோயை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்ட், பூஞ்சை வித்து காற்றில் பறப்பதையும் நனைந்த இலையில் முளைப்பதையும் காட்டினார். மழையும் ஈரமும் தோட்டத்தின் இலாப நட்டம் என்று அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1907இல் கொழும்பு அவதான நிலையம் எழுந்தது, 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது, 1948இல் வளிமண்டலவியல் திணைக்களம் தனியே அமைந்தது. 1946இல் கொழுந்தைக் கொப்புளநோய் தாக்கியபோது, எத்தனை நாள் மழை, எத்தனை மணித்தியாலம் வெயில் என்று பார்த்துச் செப்பு மருந்து தெளிக்கும் முறை வந்தது. உரம் எப்போது போடுவது, கொழுந்து எத்தனை நாளுக்கொருமுறை எடுப்பது என்பதற்கும் மழைக்கணக்கு வேண்டும். ஆக, மழைமானி இலைக்காக உழைத்தது. இலையைப் பறித்த கைக்காக அது பேசியதில்லை.

நோர்வூட்டின் மழையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கும் கெசல்கமுவ ஓயா நோர்வூட்டைக் கடந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. மலைத்தொடரின் மேற்குச் சரிவு இது. வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருவதுதான் இங்கே பெரிய மழை. அதன் சுபாவம் எல்லோருக்கும் தெரியும்: நாள்கணக்கில் விடாமல் தூறும், இடையிடையே கொட்டும். கார்த்திகை, மார்கழி மழை நுவரெலியாவின் கிழக்குப் பக்கத்துக்கும் பதுளைக்கும் உரியது, நம் பக்கத்துக்கு மிச்சம்தான் வரும் என்பது பழைய நம்பிக்கை. பெரும்பாலான ஆண்டுகளில் அது சரி. ஆனால் வங்காள விரிகுடாவின் குளிர்காலப் புயல் இந்த எல்லையை மதிப்பதில்லை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அழித்த சூறாவளி கரையோரத்தின் துயரமாக நினைவில் நின்றது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் அப்படிக் கடந்துபோகவில்லை. மெதுவாக நகர்ந்து, தீவின் மேலேயே தங்கி, மலைநாட்டின்மேல் தண்ணீரைக் கொட்டியது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் மேல். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

300 மில்லிமீற்றர் என்றால் என்ன? ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். அப்படியானால் ஓர் ஏக்கர் மலையில் 300 மில்லிமீற்றர் பெய்வது 1,200 தொன்னுக்கும் மேற்பட்ட தண்ணீரை இறக்கிவைப்பது. வடிகால் கான் ஒழுங்காக வெட்டியிருந்தால் கொஞ்சம் ஓடிவிடும். கான் தூர்ந்துகிடந்தால் மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய நீர் மண்துகள்களுக்கு இடையே நிரம்பி அழுத்துகிறது. மண்ணை மண்ணோடும் பாறையோடும் பிடித்துவைத்திருக்கும் பிடி தளர்கிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு மலை தன் பாரத்தையே தாங்காது.

இங்கேதான் மழைமானி தன் கதையில் திரும்புகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று எல்லைகளைச் சொல்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு. 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகு. 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், உடனே வெளியேறு. கண்ணால் பார்த்தே வாசிக்கக்கூடிய எளிய மழைமானிகளை அபாயமுள்ள ஊர்களுக்கும் அது கொடுத்தது. களஞ்சியம், அரண்மனை, ஆபிஸ் முற்றம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சுற்றிவந்த கருவி, மலையடிவாரத்தில் உறங்குகிறவரின் வாசலுக்கு வந்து நின்றது அப்போதுதான். என் பார்வையில் அதன் உண்மையான பிறப்பே அதுதான்.

ஆனால் எச்சரிக்கை மட்டும் போதாது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். பத்திரமான காணியும் வீடும் கொடுக்காமல் "போய்விடு" என்று மட்டும் சொன்னால் மனிதர் எங்கே போவார்? சொந்தக் காணிக்கு இன்னும் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மழைமானி காணிக்கு மாற்றாகாது. காணி கிடைக்கும்வரை, அந்த ஓர் இரவில் உயிரோடு வெளியே நடக்க அது உதவும்.

புயல் எங்கே சுழல்கிறது, எப்போது திரும்பும் என்பதைச் சொல்ல இன்று ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே வானிலையைத் தொடரும் பிரதீப் ஜானின் பேச்சை இலட்சக்கணக்கானோர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியல் அறிஞர் நாகமுத்து பிரதீபராஜா, இலங்கை மக்களுக்குத் தமிழிலேயே முன்னறிவிப்பு எழுதுகிறார். கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தை எவரும் பார்க்கலாம். ஆனால் செய்மதி நோர்வூட்டின் மேல் உள்ள மேகத்தைக் காட்டும். உங்கள் லயத்துக்கு மேலுள்ள சரிவில் எத்தனை மில்லிமீற்றர் விழுந்தது என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். மலைநாட்டில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் மழை பாதிக்குப் பாதி மாறும்.

செய்வது எளிது. பக்கம் நேராக உள்ள இரண்டு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகத் திருப்பிப் புனலாக அதன் மேலேயே பொருத்துங்கள். அடியில் வளைந்த பகுதி மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறியுங்கள். அங்கிருந்து மேலே அடிமட்டத்தால் அளந்து 75இல் மஞ்சள், 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்புக் கோடு போடுங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே, கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி, ஒரு கம்பத்தில் அசையாமல் கட்டுங்கள். தினமும் காலை 8.30க்கு வாசியுங்கள். திணைக்களத்தின் நேரமும் அதுதான். எழுதிவைத்து, தண்ணீரை மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கனமழை இரவில் ஒருவர் மாறி ஒருவர் மணித்தியாலத்துக்கு ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கோடு எட்டாவிட்டாலும், நாள்கணக்காக நனைந்த மலையில் நிலம் வெடித்தாலோ, மரமும் மின்கம்பமும் சாய்ந்தாலோ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, நின்றுபோனாலோ, எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். எங்கே போவது என்பதை லயத்தார் எல்லோரும் கூடி மழைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்துவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.