டயல் டோன்

பரண் சுத்தம் பண்றப்போ எங்க பழைய லேண்ட்லைன் ஃபோன் கையில மாட்டிச்சு. தூக்கிப் போட மனசு வரலை.

2015 டிசம்பர் 1. தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள்ள அடையாறு பூந்துடுச்சு. கரண்ட் போனா செல்ஃபோன் டவர் பேட்டரியிலயும் டீசல் ஜெனரேட்டர்லயும்தான் ஓடணும். டீசல் கொண்டு போக ரோடு எங்க இருக்கு? மூணு செல் வெச்சிருந்தோம், மூணும் டார்ச் லைட்டுக்குத்தான் ஆச்சு. பி.எஸ்.என்.எல். அழைப்புகள் ஒரு வாரம் இலவசம்னு மத்திய அரசு அறிவிச்சது அப்போதான்.

ஆனா அம்மா பிடிவாதமா வெச்சிருந்த லேண்ட்லைன்ல டயல் டோன் கேட்டுச்சு! மந்திரம் ஒண்ணும் இல்லீங்க. அந்த ஃபோனுக்கு வீட்டு கரண்டே தேவையில்லை. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியோட 48 வோல்ட், பேச்சு போற அதே செம்புக் கம்பியில வந்துடும். எக்ஸ்சேஞ்சும் கேபிள் ஜாயின்ட்டும் நனையாத வரைக்கும் உயிர் இருக்கும். பாதித் தெரு எங்க வீட்டு வாசல்ல வரிசையில நின்னுச்சு.

கிட்டத்தட்ட ஒரு வருஷம். 2016 டிசம்பர் 12, வர்தா. இந்த தடவை எதிரி காத்து. ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சது. சாயற மரத்தோட கிளை மேல போற ஒயரை அறுக்கும், வேர் மண்ணுக்குள்ள இருக்கற கேபிளையும் சேர்த்துப் பிடுங்கும். எங்க தெரு வேப்பமரம் ரெண்டையும் செஞ்சது. செல்லும் இல்லை, லேண்ட்லைனும் இல்லை. சேலையூர்ல தங்கச்சி நிறைமாசம். மறுநாள் விழுந்த மரமெல்லாம் தாண்டித் தாண்டி நடந்தே போய்ப் பார்த்துட்டு வந்தேன். அவ பாட்டுக்கு இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தா :-) பணமதிப்பிழப்பு வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. கையில நோட்டு இல்லை, கார்டு தேய்க்கற மெஷினுக்கு லைன் இல்லை. வழியில ஒரு பன்னு வாங்கக்கூட வழியில்லை.

அப்புறம் ரெண்டு லைன்மேன் ஏணியோட வந்தாங்க. குழி தோண்டி உக்காந்து, அறுந்த கேபிளைப் பிரிச்சு, நிறம் பார்த்து ஜோடி ஜோடியா சேர்த்தாங்க. நூறு ஜோடின்னா நூறையும் கையாலதான் சேர்க்கணும். ஒரு ஜோடி மாறினா உங்க வீட்டு மணி பக்கத்து வீட்ல அடிக்கும். அம்மா மூணு தடவை டீ போட்டாங்க. சாயங்காலம் ஒருத்தர் ரிசீவரை எடுத்து அம்மா காதுல வெச்சார். அம்மா ஒண்ணும் பேசலை, உடனே தங்கச்சிக்கு டயல் பண்ணினாங்க.

இப்போ ஃபைபர் வந்தாச்சு. கண்ணாடி இழையில வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. வீட்டு மோடம் அணைஞ்சா லேண்ட்லைன் நம்பரும் ஊமை. 2023 டிசம்பர் மிக்ஜாம்ல அதேதான் நடந்துச்சு. அம்மா அப்பவும் ரிசீவரை எடுத்துக் காதுல வெச்சுப் பார்த்தாங்க.

உங்க வீட்ல அந்த நாட்கள்ல எந்த ஃபோன் பேசிச்சு? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.