பல் வைத்தியக் கலாசாலையின் வாசல்வரை

முதன்முதலில் பட்டம் பெற்றவரின் பெயரைச் சரித்திர நூல்கள் மறவாமல் பொறித்து வைக்கும். அந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியை அவருக்கு உண்டாக்கிக் கொடுத்தவரின் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்கள் பல் வைத்தியத் தொழிலுக்குள் பிரவேசித்த வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் குறை மனத்தை உறுத்துகிறது. ஏனெனில் அந்த வரலாற்றில் கலாசாலைக்குள் நடந்ததைக் காட்டிலும், அதன் வாசலை எட்டுவதற்கு முன்னால் நடந்ததே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

பல் வைத்தியத்துக்கென்று உலகிலேயே முதற்கலாசாலை 1840 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் ஏற்பட்டது. அதற்கு முன்னரும், அதற்குப் பின்னர் நெடுங்காலம் வரையிலும், இந்தத் தொழிலைக் கற்க விரும்பியவன் ஒரு வைத்தியரின் அறையில் சிற்றாளாகச் சேர்ந்து, தரை கூட்டி, அடுப்பு மூட்டி, கருவிகளைத் துடைத்து வைத்து, குருவின் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றான். 1867 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் சர்வகலாசாலை பாஸ்டன் நகரில் ஒரு பல் வைத்தியப் பகுதியைத் தொடங்கியது. சர்வகலாசாலை ஒன்றின் அங்கமாக அமைந்த முதல் பல் வைத்தியக் கலாசாலை அதுவே. உள்நாட்டு யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன; அடிமை முறை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியிருந்ததேயன்றி, மனிதர் மனத்திலிருந்து நீங்கியிருக்கவில்லை.

அந்தக் கலாசாலையிலிருந்து 1869 ஆம் ஆண்டில் பட்டம் பெற்று வெளிவந்த முதல் வகுப்பில் ஆறு பேர் இருந்தனர். அவர்களில் ஒருவர் ராபர்ட் டானர் ஃப்ரீமன். அடிமை வாழ்விலிருந்து மீண்ட பெற்றோருக்கு 1846 இல் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் பல் வைத்தியப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம், அது சரியே. ஆனால் அவர் வாஷிங்டனில் ஹென்றி பிளிஸ் நோபிள் என்ற வெள்ளைக்கார வைத்தியரிடம் வேலைக்கமர்ந்து தொழில் பயின்றவர் என்பதையும், இளைஞனுடைய சிரத்தையைக் கண்ட அந்த வைத்தியரே அவரைக் கலாசாலைப் படிப்புக்கு ஊக்கப்படுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொன்னாலொழிய அந்தச் செய்தி பூர்த்தியாகாது. விண்ணப்பித்த கலாசாலைகளில் இரண்டு, நிறத்தின் காரணமாக அவரை நிராகரித்தன. அந்த நிலையில் மனம் தளராமல் மூன்றாவது கதவைத் தட்டும் துணிவு ஓர் இளைஞனுக்கு எங்கிருந்து வரும்? அவன் கையில் ஏற்கெனவே தொழில் இருந்தது. அவன் தகுதிக்குச் சாட்சி சொல்ல ஒரு வைத்தியர் இருந்தார். ஹார்வர்டிலோ, கலாசாலைத் தலைவர் நேதன் கூலி கீப் என்பவர் அவருக்காகத் தம் சகாக்களிடம் வாதாடி இடம் பெற்றுத் தந்தார். ஊர் திரும்பிச் சில ஆண்டுகளே தொழில் நடத்திய ஃப்ரீமன், 1873 இல் முப்பது வயதும் நிரம்பாமல் மறைந்தார். வாஷிங்டன் நகரின் கறுப்பினப் பல் வைத்தியர்கள் பிற்காலத்தில் தங்கள் சங்கத்துக்கு அவர் பெயரையே இட்டுக்கொண்டார்கள்.

அவருக்கு அடுத்த ஆண்டில், 1870 இல், அதே கலாசாலையில் பட்டம் பெற்றவர் ஜார்ஜ் ஃபிராங்க்ளின் கிராண்ட். நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ என்ற ஊரைச் சேர்ந்த இவர், பதினைந்தாவது வயதில் அவ்வூர்ப் பல் வைத்தியர் ஆல்பர்ட் ஸ்மித்திடம் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, படிப்படியாக அவருடைய வேலைக்கூடத்தில் உதவியாளராக உயர்ந்தார். அக்காலத்து வேலைக்கூடம் என்றால் என்னவென்று சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பல்லிழந்தவரின் வாயில் குழைத்த சாந்தை வைத்து அச்செடுப்பார்கள். அந்த அச்சிலிருந்து தாடையின் மாதிரியை வார்ப்பார்கள். மாதிரியின்மேல் மெழுகைப் படியவைத்து, அதில் பீங்கான் பற்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவார்கள். எல்லாவற்றையும் ஓர் உலோகப் பெட்டிக்குள் சாந்தில் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது இருந்த இடத்தில் ரப்பரைத் திணித்து, நீராவிக் கலத்தில் மணிக்கணக்காக வேகவைத்து இறுக்குவார்கள். வெந்து வந்த கெட்டியான பொருளை அரத்தால் அராவி, நுரைக்கல் பொடியிட்டுத் தேய்த்து மெருகேற்றினால்தான் அது ஒருவர் வாயில் உட்காரும் பல் செட்டாகும். தலைமுடியளவு பிசகினாலும் ஈறு புண்ணாகிவிடும். இந்த வேலையை இளமையிலேயே பழகிய ஒருவனுக்குக் கலாசாலைச் செய்முறை வகுப்பு அச்சமூட்டும் இடமாக இருந்திருக்க முடியாது.

கிராண்ட் அத்தோடு நின்றவரல்லர். மேலண்ணம் பிளந்து பிறந்தவர்கள் தெளிவாகப் பேசவும், உண்ணவும் உதவும் செயற்கை அண்ணங்களைச் செய்வதில் அவர் பெரும் நிபுணரானார். ஹார்வர்டிலேயே ஆசிரியராக அமர்ந்து, அச்சர்வகலாசாலையின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற பெயரும் பெற்றார். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை நிறுத்திவைக்கும் சிறு மரமுளைக்கு 1899 இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. கைத்திறன் உள்ளவன் கை சும்மா இருப்பதில்லை.

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான், ஆனால் இன்னும் ஒருபடி கடினமான கதை. ஐடா கிரே 1867 இல் டென்னஸி மாநிலத்தில் பிறந்து, இளமையிலேயே தாயை இழந்து, சின்சினாட்டி நகரில் உறவினர் பராமரிப்பில் வளர்ந்தவர். உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே அவர் வேலை பார்த்த இடம் ஜோனதன் டாஃப்ட் என்பவரின் பல் வைத்திய அறை. டாஃப்ட் சாமானியரல்லர், 1875 இல் தொடங்கிய மிச்சிகன் சர்வகலாசாலைப் பல் வைத்தியக் கலாசாலையின் முதல் தலைவர், பெண்களும் இத்தொழிலைக் கற்க வேண்டுமென்று அந்நாளிலேயே வாதித்தவர். அவருடைய அறையில் பெற்ற பயிற்சியைக் கொண்டு பிரவேசப் பரீட்சையில் தேறி, 1887 இல் மிச்சிகனில் சேர்ந்து, 1890 இல் பட்டம் பெற்ற ஐடா கிரே, அமெரிக்காவில் பல் வைத்தியரான முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார். முதலில் சின்சினாட்டியிலும், பிறகு சிகாகோவிலும் நிறபேதம் பாராமல் எல்லாருக்கும் வைத்தியம் செய்தார்.

ஃப்ரீமனுக்கு நோபிள், கிராண்டுக்கு ஸ்மித், ஐடா கிரேக்கு டாஃப்ட் என்று ஒருவருக்கு ஒருவர் வாய்த்தது அவரவர் நல்வினை என்றே சொல்ல வேண்டும். ஒரு சமூகத்தின் எதிர்காலத்தை இத்தகைய தற்செயல்களிடம் ஒப்படைத்துவிட்டு இருக்கலாகாது அல்லவா? அந்தத் தேவையை நிறைவேற்ற எழுந்த ஸ்தாபனங்கள் இரண்டு: வாஷிங்டனில் ஹோவர்ட் சர்வகலாசாலை 1881 இல் தொடங்கிய பல் வைத்தியப் பகுதி ஒன்று, டென்னஸியின் நாஷ்வில் நகரில் மெஹாரி மருத்துவக் கலாசாலை 1886 இல் தொடங்கியது மற்றொன்று. பிற கலாசாலைகள் பெரும்பாலும் கறுப்பினத்தவருக்குக் கதவடைத்திருந்த காலமெல்லாம் நாட்டின் கறுப்பினப் பல் வைத்தியர்களில் மிகப் பெரும்பாலோரை உருவாக்கியவை இந்த இரண்டுமே.

இருபதாம் நூற்றாண்டில் புதியதொரு தடை எழுந்தது. அதைத் தடை என்று யாரும் சொல்லவில்லை, சீர்திருத்தம் என்றே சொன்னார்கள். பல் வைத்தியக் கல்வியைப் பற்றி வில்லியம் கீஸ் என்ற பேராசிரியர் கார்னெகி ஸ்தாபனத்துக்காக ஆராய்ந்து 1926 இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். லாப நோக்கத்தோடு நடந்த கலாசாலைகளை ஒழித்து, பல் வைத்தியத்தைச் சர்வகலாசாலைப் படிப்பின் தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த பத்தாண்டு வாக்கில், கலாசாலையில் சேருமுன் ரசாயனம், பௌதிகம், உயிரியல் முதலியவற்றைக் கல்லூரியில் இரண்டாண்டு படித்திருக்க வேண்டுமென்பது பொதுவிதியாயிற்று. நோயாளிகளின் நன்மையை நினைத்தால் அந்தச் சீர்திருத்தத்தைக் குறை கூற இயலாது. எனினும் தென் மாநிலங்களின் பல மாவட்டங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஓர் உயர்நிலைப் பள்ளிகூட இல்லாத காலம் அது; பள்ளி இருந்த இடத்தில் ரசாயனக் கூடம் இல்லை. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத விதி ஒன்று, நிறத்தைச் சொல்லி விலக்கிய பழைய விதிக்குச் சற்றும் குறையாமல் வேலை செய்தது. வைத்தியரின் அறையிலிருந்து நேராகக் கலாசாலைக்குச் செல்லும் பழைய பாதையோ அடைபட்டுப் போயிற்று.

1950 இல் நாடெங்கும் பொதுவான பல் வைத்தியப் பிரவேசப் பரீட்சை அமலுக்கு வந்தது. அதில் எழுத்துத் தேர்வுகளோடு ஒரு விசித்திரமான பகுதியும் இருந்தது. மாணவனுக்கு ஒரு கத்தியையும், அளவுகோலையும், ஒரு சாக்குக் கட்டியையும் கொடுத்துவிட்டு, படத்தில் கண்ட அளவுப்படி அதைச் செதுக்கச் சொல்வார்கள். விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, தளம் சமமாக இருக்கிறதா, கோணம் பிசகாமல் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் இடுவார்கள். சற்று வேகமாக அழுத்தினால் கட்டி உடைந்துவிடும். அதோடு பரீட்சையும் உடைந்தது. 1970களின் தொடக்கத்தில் இதைக் கைவிட்டு, உருவங்களைக் காகிதத்தில் கண்டறியும் சோதனையைப் புகுத்தினார்கள். ஆனால் அது இருந்தவரையில், கட்டிகளை வாங்கி வீட்டில் செதுக்கிப் பழகவும், தவறைச் சுட்டிக்காட்டவும் ஆள் உள்ள மாணவனுக்கும், பரீட்சை மண்டபத்தில்தான் முதன்முதலாகச் சாக்கில் கத்தி வைக்கிற மாணவனுக்கும் இடையில் இருந்த தூரம் திறமையின் தூரமன்று, ஆயத்தத்தின் தூரமே.

கறுப்பின மக்களை மாத்திரம் சொல்லி நிறுத்துவதும் நியாயமாகாது. அந்த மண்ணின் ஆதிகுடிகளில் முதன்முதலாகப் பல் வைத்தியப் பட்டம் பெற்றவர், பியூப்ளோ இனத்தவரான ஜார்ஜ் புளூ ஸ்பிரூஸ். கிரைட்டன் சர்வகலாசாலையில் அவர் பட்டம் பெற்றது 1956 இல். பால்டிமோரில் முதற்கலாசாலை ஏற்பட்டு 116 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது. தமக்குப் பின்னால் வருபவர்கள் தம்மைப்போல் தனித்து நடக்கலாகாது என்று கருதிய அவர், 1990 இல் ஆதிகுடிப் பல் வைத்தியர்களுக்கென்று ஒரு சங்கத்தை நிறுவி, மாணவர்களைத் தேடிப்பிடித்து வழிகாட்டுவதைத் தம் பெரும் பணியாகக் கொண்டார்.

இனவாரியாகப் பிரிக்கும் கல்விமுறையை நீதிமன்றங்கள் தகர்த்த பிறகு, அரசாங்கமும் இந்தப் பிரயத்தனத்தில் இறங்கியது. வசதியற்ற குடும்பங்களின் மாணவர்களை வைத்தியப் படிப்புகளுக்கு ஆயத்தப்படுத்தக் கலாசாலைகளுக்கு மானியம் அளிக்கும் திட்டம் 1970களில் உருவாயிற்று. பின்னர் ராபர்ட் உட் ஜான்சன் அறநிறுவனம், சிறுபான்மை மாணவர்களுக்காக 1980களின் இறுதியில் கோடை விடுமுறை வகுப்புகளைத் தொடங்கியது. முதலில் மருத்துவப் படிப்புக்கு மாத்திரம் நடந்த அவ்வகுப்புகளில் 2006 ஆம் ஆண்டு வாக்கில் பல் வைத்தியமும் சேர்ந்தது. கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுகளில் உள்ள மாணவர்களை ஆறு வாரம் ஒரு சர்வகலாசாலையில் தங்கவைத்து, கரிம ரசாயனமும் உடற்கூறும் கற்பித்து, விண்ணப்பக் கட்டுரை எழுதவும், நேர்முகத்தில் தயங்காமல் பேசவும், கடனையும் செலவையும் கணக்கிடவும் பயிற்றினார்கள். மாணவர் பணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. இறுதியாகச் சொன்ன கணக்கு அற்பமானதன்று. சமீப ஆண்டுகளில் கடன் வாங்கிப் பல் வைத்தியம் படித்து முடித்தவர்களின் சராசரிக் கடன் 3 லட்சம் டாலரை நெருங்கியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், அமெரிக்க ஜனத்தொகையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள், பல் வைத்தியர்களில் நூற்றுக்கு 4 பேராகவும் இல்லை. 1978 இல் உச்ச நீதிமன்றம் பிரவேசத்தில் இனவாரியாக இடங்களை ஒதுக்கிவைப்பதைத் தடுத்தது. 2023 இல், இனத்தை ஒரு காரணமாகக் கருதி இடமளிக்கும் வழக்கத்தையும் விலக்கிவிட்டது. ஆகவே, விண்ணப்பம் கலாசாலையை அடைந்த பிறகு செய்யக்கூடியது சுருங்கி, அதற்கு முன்னால் செய்ய வேண்டியதன் பாரம் முன்னிலும் அதிகமாகியிருக்கிறது.

இதில் நான் முக்கியமாகக் கருதும் செய்தி ஒன்றுண்டு. இன்று பெரும்பாலான கலாசாலைகள், விண்ணப்பிக்கும் மாணவன் ஒரு பல் வைத்தியரின் அருகில் நின்று பல மணிநேரம் வேலையைக் கவனித்திருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கின்றன. நூறு மணிநேரம் வரையிலும் கேட்கும் கலாசாலைகள் உண்டு. அடைபட்டுப்போன பழைய பாதை, இப்போது நிபந்தனையாகத் திரும்பி வந்திருக்கிறது. தந்தையோ சிற்றப்பனோ வைத்தியராக இருக்கும் பிள்ளைக்கு அந்த மணிநேரங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே ஏற்பாடாகிவிடும். தன் தெருவில் ஒரு பல் வைத்தியரும் இல்லாத பிள்ளை, அறிமுகமற்ற கதவுகளைத் தட்டி, உள்ளே நிற்க அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. ஆறு வாரக் கோடை வகுப்பு எவ்வளவு சிறந்ததாயினும் இந்தக் குறையை முற்றும் நிரப்பாது. அதை நிரப்பக்கூடியவர்கள் தொழில் நடத்தும் பல் வைத்தியர்களே. நோபிளும், ஸ்மித்தும், டாஃப்டும் தம் அறையில் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்தபோது எந்தச் சட்டமும் அவர்களை அவ்விதம் செய்யச் சொல்லவில்லை. இன்று ஒரு வைத்தியர் அவ்விதம் செய்வதற்கு எந்த நீதிமன்றத் தீர்ப்பும் தடையாக இல்லை.