மற்றும் பத்துப் பேர்

கொஞ்சம் நீண்ட பதிவு இது. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். வரலாற்று வகுப்பில் வழக்கு, விசாரணை என்று வந்தால் சாக்ரடீஸைச் சொல்வேன், கலிலியோவைச் சொல்வேன், நம் வ.உ.சி.யைச் சொல்வேன். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள். எல்லாக் கதையிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்தான் நாயகர். அவரை எதிர்த்து அரசன், ஆளுநர், நீதிபதி என்று யாராவது ஒருவர் இருப்பார்.

பணி ஓய்வு பெற்ற பிறகுதான் வேறு மாதிரியான ஒரு வழக்கை விரிவாகப் படித்தேன். அதில் உண்மையான நாயகர்கள் கூண்டில் நிற்கவில்லை. அதே நீதிமன்றத்தில் ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். வழக்கு நடந்தது 1670-ஆம் ஆண்டு, லண்டன் மாநகரில்.

அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் இரண்டாம் சார்லஸ். அரசு ஏற்றுக்கொண்ட திருச்சபையின் முறைப்படி அல்லாமல், ஒரு வீட்டில் அந்த வீட்டார் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி வழிபட்டால் குற்றம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். இதில் அதிகம் அடிபட்டவர்கள் குவேக்கர்கள் என்ற சிறு பிரிவினர். பாதிரியார் இல்லாமல் அமைதியாகக் கூடி உட்கார்ந்து வழிபடுகிறவர்கள். கடவுளுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்பது அவர்கள் கொள்கை. அதனால் எவ்வளவு பெரிய அதிகாரி முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள்.

1670 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த அவர்களுடைய கூடத்தைப் படைவீரர்கள் மறித்து நின்றார்கள். உள்ளே போக முடியவில்லை. சரி, தெருவிலேயே கூடுவோம் என்று கூடினார்கள். வில்லியம் பென் என்ற இளைஞர் பேசத் தொடங்கினார். வயது 25. கடற்படைத் தளபதி ஒருவரின் மகன். அவரையும், அங்கே நின்ற வில்லியம் மீட் என்ற வணிகரையும் கைது செய்தார்கள். சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டி அமைதியைக் குலைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆயுதங்களோடு கூடினார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. அவர்கள் கையில் ஓர் ஆயுதமும் கிடையாது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை. பீடத்தில் நகர மேயர் சாமுவேல் ஸ்டார்லிங், ரெக்கார்டர் எனப்படும் நகர நீதிபதி ஜான் ஹோவெல், இன்னும் சிலர். தொடக்கமே வேடிக்கை. உள்ளே வரும்போது இருவர் தலையிலும் தொப்பி இல்லை. வாசலிலேயே ஊழியர் எடுத்துவிட்டிருந்தார். தொப்பியை அவர்கள் தலையில் திரும்ப வை என்று பீடத்திலிருந்து உத்தரவு. வைத்தார்கள். உடனே, நீதிமன்றத்தில் ஏன் தொப்பியைக் கழற்றவில்லை என்று கேள்வி. ஆளுக்கு 40 மார்க் அபராதம். ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ். 40 மார்க் என்றால் ஏறக்குறைய 27 பவுண்டு. சாதாரணக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை.

எந்தச் சட்டத்தின்படி என் மேல் குற்றம் சாட்டுகிறீர்கள், அதைக் காட்டுங்கள் என்று பென் கேட்டார். பொதுச் சட்டம் என்றார் நீதிபதி. அது எங்கே இருக்கிறது என்று பென் விடவில்லை. வாக்குவாதம் முற்றியது. கடைசியில் பென்னையும் மீட்டையும் நீதிமன்றத்தின் மூலையில் இருந்த ஓர் அடைப்புக்குள் தள்ளிவிட்டு, ஜூரிகளுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கினார்கள். அங்கிருந்தபடியே பென், எங்களை வைத்துக்கொள்ளாமல் எங்கள் வழக்கைப் பேசுகிறார்கள் என்று உரக்கக் கூவினார்.

இளைய நண்பர்களுக்காக ஒரு விளக்கம். ஜூரி என்பது ஊரில் இருந்து தேர்ந்தெடுத்து அழைத்து வரப்படும் சாதாரண மனிதர்களின் குழு. குற்றம் நடந்ததா இல்லையா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். தண்டனை கொடுப்பது நீதிபதி. அன்றைய லண்டனில் ஜூரிகளைக் கூட்டி வந்து, என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பீடத்தில் இருப்பவர்களே குறிப்பால் உணர்த்துவது நடைமுறை. சொன்னபடி சொல்லாத ஜூரிகளுக்கு அபராதம் போட்ட நீதிபதிகளும் உண்டு.

இந்தப் பன்னிரண்டு பேரும் சனிக்கிழமை தனியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். எட்டுப் பேர் குற்றவாளி என்ற பக்கம், நான்கு பேர் இல்லை என்ற பக்கம். அந்த நால்வரில் முன்னால் நின்றவர் எட்வர்ட் புஷெல். பீடத்தில் இருந்தவர்கள் அவரைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். திரும்பப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

இரண்டாவது முறை வந்தார்கள். கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றம் உண்டு என்றார் ஜூரித் தலைவர். அவ்வளவுதான். சட்டவிரோதக் கூட்டம் என்ற சொல் வரவில்லை. தெருவில் பேசுவது மட்டும் குற்றம் ஆகாதே! அந்தச் சொல்லை வாங்கிவிட பீடம் படாத பாடு பட்டது. ஜூரிகள் மசியவில்லை. எட்டுப் பேராக இருந்தவர்கள் எப்போது நால்வர் பக்கம் வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மிரட்டத் தொடங்கிய பிறகுதான்.

சாப்பாடு, தண்ணீர், நெருப்பு, புகையிலை எதுவும் கொடுக்காமல் ராத்திரி முழுவதும் பூட்டி வையுங்கள் என்று உத்தரவு. ஞாயிறு காலை வந்து அதே தீர்ப்பைச் சொன்னார்கள். மூக்கை அறுத்துவிடுவேன் என்று புஷெலை மேயர் மிரட்டினார். ஸ்பெயின் நாட்டில் மத விசாரணை மன்றம் இருப்பது எவ்வளவு நல்லது என்று இப்போதுதான் புரிகிறது என்ற பொருளில் நகர நீதிபதி பேசினார். உங்கள் உரிமையை விட்டுவிடாதீர்கள் என்று ஜூரிகளைப் பார்த்து பென் முந்தைய நாள் கேட்டுக்கொண்டபோது, விடமாட்டோம் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். இன்னும் ஓர் இரவு பூட்டி வைத்தார்கள்.

திங்கள் காலை, செப்டம்பர் 5. பசியோடும் தாகத்தோடும் வந்து நின்ற பன்னிரண்டு பேரும் இந்த முறை மழுப்பாமல் சொன்னார்கள். இருவரும் குற்றவாளிகள் அல்ல.

நீதிமன்றம் என்ன செய்தது? ஜூரிகளுக்கு ஆளுக்கு 40 மார்க் அபராதம். கட்டும்வரை நியூகேட் சிறை. விடுதலையான பென்னுக்கும் மீட்டுக்கும் தொப்பி அபராதம் பாக்கி. ஆகக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றவர்களும் ஒரே சிறைக்குப் போனார்கள்!

பென் சீக்கிரம் வெளியே வந்தார். பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவினார். (அங்கே அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரலாற்று மனிதர்களை முழுதாகத்தான் பார்க்க வேண்டும்.) ஜூரிகளில் சிலர் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். புஷெலும் இன்னும் மூவரும் கட்ட மறுத்தார்கள். எங்களை எந்தக் காரணத்துக்காக அடைத்தீர்கள் என்று ஆட்கொணர்வு மனு போட்டார்கள். நவம்பரில் தலைமை நீதிபதி ஜான் வாகன் தீர்ப்புச் சொன்னார். ஒரே சாட்சியத்தைக் கேட்டு இரண்டு நேர்மையான மனிதர்கள் இரண்டு முடிவுக்கு வர முடியும். நீதிபதி நினைத்ததையே ஜூரியும் சொல்ல வேண்டும் என்றால் ஜூரி எதற்கு? இதுதான் அவர் தீர்ப்பின் சாரம். நால்வரும் விடுதலை. தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்பது அன்று நிலைபெற்றது.

இதே இங்கிலாந்துக்காரர்கள் ஜூரி முறையை நம் நாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். 1908-இல் பம்பாயில் திலகர் மேல் ராஜதுரோக வழக்கு. ஒன்பது ஜூரிகள். ஏழு பேர் ஐரோப்பியர், இரண்டு பேர் இந்தியர். ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். இங்கே அந்தப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. திலகருக்கு ஆறு ஆண்டு நாடுகடத்தல். மாந்தலே சிறைக்குப் போனார். பெஞ்சில் யாரை உட்கார வைப்பது என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே ஜூரி என்ற ஏற்பாட்டை நான் புகழ வரவில்லை. இன்று நம் குற்றவியல் நீதிமன்றங்களில் அது கிடையாது. நான் சொல்ல வந்தது வேறு.

அதிகாரத்தில் இருப்பவர் தனியாக எதையும் செய்துவிட முடிவதில்லை. அவருக்கு எப்போதும் சில சாதாரண மனிதர்களின் தலையசைப்பு வேண்டியிருக்கிறது. ஒரு கையெழுத்து வேண்டியிருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் போடுகிறவர்கள் நாம்தான்.

இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் உண்டு.

1990-களில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சத்துணவு அரிசி இருப்பு குறைகிறது என்று புகார். பழி சமையல் உதவியாளராக இருந்த ஓர் அம்மாள் மேல் விழுந்தது. கணவரை இழந்தவர். விசாரிக்க மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழு. அதில் நானும் ஒருவன். நாங்கள் உட்காருவதற்கு முன்பே அறிக்கை தட்டச்சாகி வந்துவிட்டது. "சம்பிரதாயம்தான் சார், ஒரு கையெழுத்து" என்றார் கொண்டுவந்தவர்.

குழுவில் இருந்த டீச்சர் ஒருவர், என்னைவிட இளையவர், மெதுவாகக் கேட்டார்: "சார், மூட்டையை நாமளே ஒரு தடவை எடை போட்டுப் பாத்துரலாமா?"

நான் சொன்னேன்: "விடுங்க டீச்சர். அஞ்சு பத்து பஸ் போயிரும்."

அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாளுக்கு வேலை போயிற்று. அவர் எடுத்தாரா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள அரைமணி நேரம் ஆகியிருக்கும். என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை, பட்டினி போடவில்லை, மூக்கை அறுப்பேன் என்று மிரட்டவில்லை. ஒரு பஸ், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகள் வகுப்பில் சாக்ரடீஸ் நஞ்சு குடித்த கதையைச் சொன்னவன் நான். அன்று அந்த அறையில் ஒரு புஷெல் இருந்தார். அவரை வாயடைத்தவனும் நான்தான்.

இன்றைய ஓல்ட் பெய்லி கட்டடத்தில் அந்த ஜூரிகளுக்காக ஒரு நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் ஜூரித் தலைவர் பெயரும் புஷெல் பெயரும் இருக்கின்றன. மற்றவர்கள் பெயர் இல்லை, "மற்றும் பத்துப் பேர்" என்றுதான் இருக்கிறது. முதலில் எட்டுப் பேர் மாற்றிச் சொன்னார்களே, அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பத்துப் பேருக்குள்தான் அடக்கம். முதலில் தவறான பக்கம் நின்றுவிட்டு, பிறகு பசியோடு சரியான பக்கம் வந்தவர்கள். எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுகிறவர்கள் அவர்கள்தான்.

பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஆசிரியர்கள் இந்த வழக்கையும் சொல்லுங்கள். கூண்டில் நிற்கும் நிலை எல்லோருக்கும் வருவதில்லை. பெஞ்சில் உட்காரும் நிலை எல்லோருக்கும் ஒருநாள் வரும்.

அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட டீச்சர் இதைப் படித்தால், என்னை மன்னிக்கவும் அம்மா. நீங்கள் கேட்டது சரியான கேள்வி.