பிளாக்செயின் இருந்தால் கோர்ட்டே தேவையில்லையா? 2016-ல் நடந்த 5 கோடி டாலர் சம்பவம்!

ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி பதிவாகும் கணக்குப் புத்தகம்தான் பிளாக்செயின். ஒப்பந்தத்தை கோடாக எழுதி அதில் ஏற்றிவிட்டால் தானாகவே நிறைவேறும், வக்கீலும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம் என்கிறார்கள் ஆதரவாளர்கள். உண்மையில் அப்படி நடக்குமா?

2016 ஏப்ரலில் எத்தீரியம் பிளாக்செயினில் 'தி டாவ்' என்ற முதலீட்டு நிதி தொடங்கியது. மேனேஜர் கிடையாது. டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு முடிவெடுப்பார்கள். சில வாரங்களிலேயே சுமார் 15 கோடி டாலர் குவிந்தது. விளக்கக் குறிப்புக்கும் கோடுக்கும் முரண்பாடு வந்தால், கோடு சொல்வதே இறுதி என்று விதிமுறையிலும் எழுதி வைத்தார்கள்.

அங்கேதான் சிக்கல். அந்த கோடு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் கணக்கில் கழிக்கும். கழிப்பதற்குள் மறுபடி கேட்டால்? மறுபடியும் கொடுக்கும். பேலன்ஸ் குறையாத ஏடிஎம் மாதிரி! ஜூன் 17-ம் தேதி யாரோ ஒருவர் இதே வழியில் 36 லட்சம் ஈதரை உருவிவிட்டார். அன்றைய மதிப்பு 5 கோடி டாலருக்கும் மேல்.

கோடு அனுமதித்ததைத்தானே செய்தார், இது திருட்டா? விதிமுறைப்படி பார்த்தால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் பணம் போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? நல்லவேளையாக, அந்த ஈதரை சில வாரங்களுக்கு வெளியே எடுக்க முடியாது. அதற்குள், ஜூலை 20-ம் தேதி, எத்தீரியத்தின் பதிவையே மாற்றி பணத்தை மீட்டார்கள். மாற்றவே முடியாது என்று சொல்லப்பட்ட பதிவு அது. ஏற்காதவர்கள் பழைய செயினிலேயே இருந்துவிட்டார்கள், அதுதான் எத்தீரியம் கிளாசிக். தீர்ப்பு என்னவோ வந்தது. நீதிபதி இல்லை, விசாரணை இல்லை, அப்பீலும் இல்லை.

செயினுக்கு வெளியே அதன் கை இன்னும் சிறியது. வாடகைப் பணத்தை கோடு மாற்றிவிடும். காலி பண்ணாமல் உட்கார்ந்திருப்பவரை அது வெளியேற்றாது.

2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது. எந்த முகவரிக்குப் போனது என்பது செயினில் பளிச்சென்று தெரியும். திரும்ப வாங்கித்தர செயினால் முடியவில்லை. திருடுபோகாத எக்ஸ்ஆர்பி காயின்களை வைத்திருந்த முதலீட்டாளர் ஒருவரின் கணக்கும் முடங்கியது. அவர் போனது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் ஒருவகை சொத்துதான் என்று கூறி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார்.