காஸியை வேட்டையாடிய கிழட்டுக் கப்பல்... வீட்டு மேசையில் ஒரு 'ராஜ்புத்' கட்டலாமா?

ஊரையே ஏய்க்கிற ஆளை "அவன் பெரிய எம்டன்டா"ன்னு சொல்வோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல குண்டு போட்டுட்டுப் போன ஜெர்மன் கப்பலோட பேருதான் அதுன்னு நிறைய பேருக்குத் தெரியும். அந்த எம்டனை ரெவெல் கம்பெனி 1:350 அளவுல பிளாஸ்டிக் கிட்டாவே போட்டுருக்கு. ஆனா, 57 வருஷம் கழிச்சு இதே வங்கக் கடல்ல இன்னொரு மர்மக் கதையில மாட்டின நம்ம கப்பல் ஐ.என்.எஸ். ராஜ்புத்துக்கு அந்த மாதிரி சுலபமா கடையில கிட் கிடைக்காது. கப்பலும் இப்போ இல்லை, 1976-லேயே உடைக்கப் போயிடுச்சு. முழுசா பார்க்கணும்னா நாமே கட்டினாத்தான் உண்டு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். எம்டன் குரூசர், ராஜ்புத் டெஸ்ட்ராயர். குரூசர் தனியா நெடுந்தூரம் போய்ச் சண்டை போடுற கப்பல். டெஸ்ட்ராயர் ஒல்லியா, வேகமா, பெரிய கப்பல்களுக்குக் காவலா ஓடுறது. நீர்மூழ்கியைத் துரத்துறதும் டார்பிடோ விடுறதும் அதோட வேலை. இன்னொரு எச்சரிக்கை: நெட்ல 'ஐ.என்.எஸ். ராஜ்புத்'னு தேடினா 1980-ல் சேர்ந்து 2021-ல் ஓய்வுபெற்ற ரஷ்யத் தயாரிப்பு ஏவுகணைக் கப்பல்தான் முதல்ல வரும். நமக்கு வேண்டியது அதுக்கு முந்தின, டி141 எண் போட்ட ராஜ்புத்.

இதோட பிறந்த வீடு ஸ்காட்லாந்து. 1942-ல் 'ஹெச்.எம்.எஸ். ராதர்ஹாம்'ங்கிற பேர்ல பிரிட்டிஷ் கடற்படையில சேர்ந்து, இரண்டாம் உலகப்போர்ல இந்தியப் பெருங்கடல் பக்கமும் ஓடுச்சு. 1949-ல் இந்தியாவுக்கு வந்தது. கூடவே வந்த ரெண்டு தங்கச்சிக் கப்பல்களுக்கு ரஞ்சித், ராணான்னு பேரு.

1971 நவம்பர்ல பாகிஸ்தானோட 'காஸி' நீர்மூழ்கி கராச்சியில இருந்து கிளம்பி, இலங்கையைச் சுத்திக்கிட்டு வங்கக் கடலுக்கு வந்தது. குறி நம்ம விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த். சென்னைப் பக்கம் தேடினதாச் சொல்றாங்க. அப்படின்னா கடலூர், பரங்கிப்பேட்டைக்கு வெளியே எங்கேயோ ஆழ்கடல்ல நம்மைத் தாண்டித்தான் போயிருக்கணும். (கடலூருக்குக் கடற்போர் புதுசில்ல. 1758-லயும் 1783-லயும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம்ம கரைக்கு எதிர்லதான் மோதிக்கிட்டாங்க.) விக்ராந்த்தை அந்தமான் பக்கம் ஒளிச்சு வெச்சுட்டு, அது விசாகப்பட்டினம் பக்கம் இருக்கிற மாதிரி பொய் ரேடியோ செய்தி அனுப்புற வேலையை 29 வயசு ராஜ்புத்துக்குக் கொடுத்தாங்க. தூண்டில்ல மாட்டுற புழு மாதிரி.

டிசம்பர் 3 நள்ளிரவு, துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது தண்ணியில ஒரு கலக்கம் தெரிஞ்சது. கேப்டன் லெஃப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் ஆழ்வெடி போடச் சொன்னார். கொஞ்ச நேரத்துல பெரிய வெடிச்சத்தம், ஊருக்குள்ள ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. அப்புறம் கடல்ல மிதந்த எண்ணெயையும் உடைசல்களையும் மீனவர்கள் பார்த்துச் சொன்னாங்க. காஸியில இருந்த 90-க்கும் மேற்பட்டவங்கள்ல ஒருத்தரும் பிழைக்கலை. ராஜ்புத் அடிச்சுத்தான் மூழ்குச்சுன்னு இந்தியத் தரப்பும், தான் விதைச்ச கண்ணிவெடியிலயோ உள்ளே நடந்த விபத்துலயோ போச்சுன்னு பாகிஸ்தான் தரப்பும் இன்னைக்கும் சொல்லுது. 2017-ல் வந்த 'காஸி' படத்துல ஒரு இந்திய நீர்மூழ்கிதான் ஹீரோ. பாவம், ராஜ்புத்!

அளவு எவ்வளவு?

நிஜக் கப்பல் சுமார் 109 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம். 1:700-ல் கட்டினா 15.6 செ.மீ., பேனா நீளம்தான்; கண்ணு போயிடும். 1:350-ல் 31 செ.மீ. கையால கட்டுறவங்களுக்கு என் ஓட்டு 1:200. நீளம் 54.6 செ.மீ., அகலம் 5.5 செ.மீ. கணக்கும் சுலபம்: நிஜத்துல 1 மீட்டர்னா மாடல்ல 5 மி.மீ.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எந்த வருஷத்து ராஜ்புத்துன்னு முடிவு பண்ணிடுங்க. 1942 போட்டோவையும் 1971 போட்டோவையும் கலந்தா ரெண்டுமே இல்லாத ஒரு கப்பல் வரும். உலகப்போர்க் காலத்துல பிரிட்டிஷ் கப்பல்களுக்குக் கண்ணை ஏமாத்துற பட்டைப் பட்டையான பெயின்ட் அடிச்சாங்க. நம்ம கடற்படையில ஒரே சாம்பல் நிறம்.

சாமான் எல்லாம் ஊர்லயே இருக்கு

உடம்புக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில போர்டு அடிக்கிற 5 மி.மீ. பி.வி.சி. ஃபோம் ஷீட் போதும், வெட்டுத் துண்டையே கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு மட்டத்துக்கும் கப்பலோட மேல்பார்வை வடிவத்தை வெட்டி, அடுக்கடுக்கா ஒட்டி, ஓரத்துப் படிகளை உப்புத்தாளால தேய்ச்சு இழைச்சா கூடு ரெடி. தண்ணி மட்டத்தோட வெட்டி மேசையில வைக்கிற மாதிரி செய்றது முதல் தடவைக்கு நல்லது. முழு அடிப்பாகமும் வேணும்னா படகு கட்டுறவங்க வழிதான் சரி. நடுவுல ஏரா, அதுல வரிசையா வங்கு, அதுக்கு மேல தோல். கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் படகு கட்டுற இடத்துல அரை மணி நேரம் நின்னு பாருங்க. அணியம் எப்படிக் கூராகி மேலே ஏறுது, அமரம் எப்படி அகலுதுன்னு எந்த யூடியூப் வீடியோவும் அவ்வளவு தெளிவா காட்டாது.

தெர்மோகோல் மட்டும் வேண்டாம். ஒருமுறை ஆசையா வெட்டி முடிச்சு ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சேன். கண்ணு முன்னாடி கப்பல் கரைஞ்சு போச்சு. ஃபெவிக்விக் பட்டாலும் அதே கதிதான். லேசான பொருள் வேணும்னா மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுற நெட்டி இருக்கே! தஞ்சாவூர்ல அதுல பெரிய கோயிலையே செதுக்குறாங்க. பிளேடுல வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், ஆனா பெயின்டை உறிஞ்சும். மேலே டிஷ்யூ பேப்பர் ஒட்டி ஃபெவிகால் பூசிட்டு அடிக்கணும்.

பீரங்கிதான் கப்பலுக்கு முகம். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு நாலு 4.7 அங்குல பீரங்கி. குழாய் நீளம் நிஜத்துல சுமார் 5.4 மீட்டர், மாடல்ல 27 மி.மீ. மெடிக்கல்ல புது ஊசி வாங்கி, கூர்முனையை அரத்தால ராவி எடுத்துட்டா கச்சிதமான குழாய். வாய் ஓட்டையும் தானா இருக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டு ராவுங்க. வயர் வேலைக்கு மோட்டார் வைண்டிங் கடைச் செம்புக் கம்பி, கொடிமரக் கயிறுக்கு வலைக் கடையில கிடைக்கிற மெல்லிசு தங்கூஸ் நரம்பு.

இந்த மாடலோட உயிர் அமரத்துலதான் இருக்கு: ஆழ்வெடிகள். பெரிய கப்பல்களை மட்டும் செய்றவங்க இதை நாலு புள்ளி வெச்சு முடிச்சுடுவாங்க, ஆனா ராஜ்புத் கதையே அதுதானே? அந்தக் கால பிரிட்டிஷ் ஆழ்வெடி எண்ணெய் டிரம் மாதிரி இருக்கும்: குறுக்களவு 45 செ.மீ., நீளம் 77 செ.மீ. நம்ம அளவுல 2.2 மி.மீ.க்கு 3.9 மி.மீ. காது பட்ஸோட பிளாஸ்டிக் குச்சியை 4 மி.மீ. துண்டுகளா வெட்டி, ரெண்டு முனையிலயும் ஃபெவிகால் சொட்டு வெச்சு அடைச்சா அசல் ஆழ்வெடி. அது உருண்டு விழுற சாய்வு ரேக்கைச் செம்புக் கம்பியில செய்யுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போகும்.

பெயின்ட் அடிக்க ஐப்பசி, கார்த்திகை மழை நாளைத் தவிர்த்துடுங்க. கடலோர ஈரக்காத்துல ஸ்ப்ரே பெயின்ட் வெளுத்து, பவுடர் பூசின மாதிரி ஆயிடும். வெயில் நாள்ல, காலை பத்து மணிக்கு மேல, மெல்லிசா மூணு நாலு கோட்.

மிதக்க விடணுமா?

இங்கேதான் கணக்கு வேடிக்கை காட்டும். நீளம் 200-ல ஒரு பங்கு ஆகும்போது எடை 200-ஐ மூணு தடவை பெருக்கின அளவுக்குக் குறையும், அதாவது 80 லட்சத்துல ஒரு பங்கு. முழுச் சுமையோட சுமார் 2,400 டன் இருந்த ராஜ்புத், உங்க கையில 300 கிராம்தான் இருக்கணும். மோட்டார், பேட்டரி எல்லாம் அதுக்குள்ள அடங்காது. ரிமோட்ல ஓட்டணும்னா 1:100-க்குப் போங்க: ஒரு மீட்டருக்கு மேல நீளம், 2.4 கிலோ. ஒட்டுறதுக்கு ஃபெவிகால் மரைன் மாதிரி தண்ணி தாங்குற பசை வேணும். அகலத்தைப் போல பத்து மடங்கு நீளம்கிறதால டெஸ்ட்ராயர் சட்டுனு கவிழும். மேல்தட்டு வேலையைப் பேப்பர்ல லேசா வெச்சுட்டு, வலைக்குக் கட்டுற ஈயக் குண்டுகளை அடியில நடுவா ஒட்டுங்க. முதல் சோதனை வீட்டுத் தண்ணித் தொட்டியில. நேரா வீராணம் ஏரிக்குத் தூக்கிட்டுப் போனா ஒரு காத்துக்குப் போயிடும்.

காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். என்.சி.சி. கடற்படைப் பிரிவுல 'ஷிப் மாடலிங்' பயிற்சியாவே இருக்கு. அகில இந்திய நவ் சைனிக் முகாம்ல இதுக்குப் போட்டியும் நடக்குது. உங்க காலேஜ்ல அந்தப் பிரிவு இருந்தா கேட்டுப் பாருங்க; வரைபடம் படிக்கவும் உளி பிடிக்கவும் சொல்லித்தர ஆள் கிடைப்பாங்க.

கடைசியா எழுத வேண்டியது எண். ரெண்டு பக்கமும் அணியத்துல 'டி141', ஆங்கிலத்துல. ஸ்டிக்கர் கடையில வெட்டித் தருவாங்க. எழுத்து உயரத்தை போட்டோவுல அளந்து கொடுங்க, கண்ணளவுல சொன்னா பெருசாத்தான் வெட்டுவாங்க.